வீட்டிலேயே பிரிண்ட் எடுத்த உயில்... கோர்ட்டில் நிற்குமா?

சேது சீமைக்கும் வாரிசு வழக்குக்கும் பழைய தொடர்பு உண்டு. ராமநாதபுரம் ஜமீனை ஆண்ட சேதுபதி ஒருவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். அவருடைய விதவை ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். அந்தத் தத்து செல்லுமா, செல்லாதா என்று மதுரை கலெக்டர் தரப்புக்கும் அரண்மனைக்கும் நடந்த வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும் அவருடைய நெருங்கிய உறவினர்களின் சம்மதத்துடன் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868-ல் தீர்ப்பு வந்தது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் இதை 'ராம்நாடு வழக்கு' என்றே படிக்கிறார்கள்.

இறந்தவரின் மனதில் என்ன இருந்தது என்பதை, அவர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அரண்மனைக்கு வந்த அதே சிக்கல்தான் இன்று மூன்று சென்ட் வீட்டுக்கும் வருகிறது. அதைத் தவிர்க்க இருக்கும் எளிய வழி உயில்.

முன்பெல்லாம் உயில் என்றால் பத்திர எழுத்தரைத் தேடிப் போவார்கள். இப்போது பேரன் லேப்டாப்பில் டைப் செய்கிறான். வீட்டு பிரிண்டரிலோ, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலோ பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இப்படிச் செய்தால் செல்லுமா?

செல்லும். ஆனால், கையெழுத்துப் போட்ட விதம் சரியாக இருந்தால் மட்டும்.

முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம்

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, உயிலுக்கு இன்ன படிவம் என்று எதையும் கட்டாயப்படுத்தவில்லை. கையால் எழுதலாம், டைப் அடிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். வெள்ளை ஏ4 தாள் போதும். உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது. நோட்டரி முத்திரையும் கட்டாயமில்லை. பத்திரப்பதிவுச் சட்டம் 1908-ன்படி உயிலைப் பதிவு செய்வதும் அவரவர் விருப்பம்தான்.

இவ்வளவு சலுகை கொடுத்த சட்டம், ஒரே ஓர் இடத்தில் பிடிவாதமாக நிற்கிறது. அது 63-ம் பிரிவு. சுருக்கமாகச் சொன்னால்:

• உயில் எழுதுபவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால், அவர் சொல்லி, அவர் கண்ணெதிரே வேறொருவர் அவருக்காகக் கையெழுத்திடலாம்.

• அந்தக் கையெழுத்து, மேலே எழுதியிருப்பதை ஏற்று உயிலாக்குவதற்காகப் போட்டது என்று தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

• குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும். அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே தன் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

• ஒவ்வொரு சாட்சியும் உயில் எழுதியவரின் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும் என்று நம் சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே பேனாவில் கையெழுத்திடுவதுதான் பின்னாளில் கேள்வி வராத வழி. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

ஒரு வீடும் மூன்று பிள்ளைகளும்

பரமக்குடிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி இல்லை. மகன்கள் இருவரும் வெளிநாட்டில். கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மகள்தான் பல வருடங்களாக அவருக்குச் சோறு போட்டு, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார். தான் சம்பாதித்துக் கட்டிய வீட்டை மகளுக்கே எழுதிவைக்க நினைக்கிறார் பெரியவர். மகள் வீட்டுப் பேரன் உயிலை டைப் செய்து பிரிண்ட் எடுக்கிறான். தாத்தா கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் பேரன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் அவரவர் வீட்டில் வைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கி வருகிறான்.

எல்லோரும் நல்லவர்கள். எதிலும் பொய்யில்லை. ஆனால், அந்தச் சாட்சிகள் பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்க்கவில்லை. 'என் கையெழுத்துதான்' என்று அவர் சொல்லவும் கேட்கவில்லை. அவர் எதிரில் அவர்கள் கையெழுத்திடவும் இல்லை. நாளை சாட்சிக் கூண்டில் உண்மையைச் சொன்னால், அந்த வாக்குமூலமே உயிலைச் சாய்த்துவிடும்.

உயில் விழுந்தால் என்ன ஆகும்? உயிலே இல்லாததுபோல, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி சொத்து மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான். அண்ணன்கள் பாகப்பிரிவினை கேட்டால், அந்த வீட்டை விற்றுப் பிரிக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

பதினைந்து நிமிடம் ஒதுக்கி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரைத் தாத்தாவின் முன்னால் உட்கார வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

கோர்ட்டில் என்ன கேட்பார்கள்?

உயிலை எழுதியவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அதனால்தான் கோர்ட் சாட்சிகளைத் தேடுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 67-ம் பிரிவாக வந்திருக்கிறது. உயிலில் கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவராவது உயிருடன், வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரை விசாரித்தே ஆக வேண்டும் என்கிறது அது. உயில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

அந்த ஒருவர் தான் கையெழுத்திட்டதை மட்டும் சொன்னால் போதாது. உயில் எழுதியவரும், மற்றொரு சாட்சியும் சட்டப்படி கையெழுத்திட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனவே சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைப் பாருங்கள். 75 வயதுப் பெரியவரின் உயிலுக்கு 78 வயது நண்பர்கள் இருவர் சாட்சியாக இருப்பதில் அர்த்தமில்லை. உயில் எழுதுபவரைவிட இளையவராக, உள்ளூரில் நிலையாக இருப்பவராக, உயிலால் ஒரு ரூபாய் லாபமும் இல்லாதவராக இருப்பது நல்லது. அவர்களின் முழுப்பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றையும் எழுதிவையுங்கள்.

சாட்சிகள் இருவருமே இறந்துவிட்டால்? உயில் உடனே செத்துப்போகாது. சாட்சிகளில் ஒருவரின் கையெழுத்தையும், உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் தெரிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம். ஆனால் அது கடினமான பாதை. 30 வருடப் பழைய பத்திரங்களுக்குச் சட்டம் தரும் சலுகையும் உயிலுக்குக் கிடையாது.

சந்தேகம் எங்கே முளைக்கிறது?

மைசூர்ப் பகுதியிலிருந்து வந்த ஒரு வழக்கில், 1958-ல் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பைத்தான் இன்றுவரை எல்லா உயில் வழக்குகளிலும் காட்டுகிறார்கள். கையெழுத்தையும் சாட்சியையும் காட்டினால் மட்டும் போதாது. உயிலைச் சுற்றிச் சந்தேகம் எழுந்தால், உயிலைக் கொண்டுவருபவர்தான் அதைப் போக்க வேண்டும் என்பது அதன் சாரம். நடுங்கிய, மாறுபட்ட கையெழுத்து, எழுதியவரின் மனத்தெளிவு, காரணமே சொல்லாமல் நெருங்கிய வாரிசுகளை ஒதுக்கியிருப்பது, லாபம் அடைபவரே முன்னின்று உயிலைத் தயாரித்தது - இவையெல்லாம் சந்தேகத்துக்கு இடமானவை.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. சந்தேகங்கள் தீராதவரை, கையெழுத்தும் சாட்சியும் இருப்பதால் மட்டும் உயிலை உண்மையானது என்று ஏற்க முடியாது என்றது.

பேரன் டைப் செய்வது குற்றமில்லை. ஆனால் அவன் அம்மாவுக்குத்தான் வீடு என்றால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். வெளியாள் ஒருவரிடம் டைப் செய்யக் கொடுப்பதும், கையெழுத்திடும் நேரத்தில் மகளும் பேரனும் அறையில் இல்லாமல் இருப்பதும் நல்லது. மகன்களுக்கு ஏன் வீட்டில் பங்கில்லை என்பதைப் பெரியவரே இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். 'மகன்கள் இருவருக்கும் படிப்புக்கும் வெளிநாடு செல்லவும் ஏற்கெனவே செலவு செய்துவிட்டேன். அவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை' என்பதுபோல. அந்த வரிகள் கோர்ட்டில் நிற்கும். மகன்கள் படிக்கும்போது அவர்கள் மனதையும் கொஞ்சம் ஆற்றும்.

வயதானவர், உடல்நலம் குன்றியவர் என்றால், அதே நாளில் மருத்துவரிடம் மனத்தெளிவு குறித்துச் சான்று வாங்கலாம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே சாட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. செல்போனில் வீடியோ எடுத்துவைப்பது துணைக்கு உதவும். இரண்டு சாட்சிகளுக்கு அது மாற்று ஆகாது.

பிரிண்ட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கையால் எழுதிய உயிலில், எழுத்தே பாதி சாட்சி. பிரிண்ட் எடுத்த உயிலில் கையெழுத்தைத் தவிர எழுதியவருடைய அடையாளம் எதுவும் இல்லை. 'நடுப்பக்கத்தை மாற்றிவிட்டார்கள்', 'வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு மேலே அச்சடித்துவிட்டார்கள்' என்ற இரண்டு குற்றச்சாட்டுகள்தான் அதிகம் வரும். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கச் சில வழிகள்:

1. உயில் எழுதுபவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கில உயில் வம்பு. படிக்கத் தெரியாதவர் என்றால், இன்னார் படித்துக் காட்டினார், கேட்டுப் புரிந்துகொண்டார் என்று உயிலிலேயே எழுதுங்கள்.

2. முழு உயிலையும் ஒரே நேரத்தில், ஒரே வகைத் தாளில், ஒரே எழுத்துருவில் பிரிண்ட் எடுங்கள். 'பக்கம் 1 / 4' என்று எண் போடுங்கள்.

3. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் உயில் எழுதுபவரும் சாட்சிகளும் கையெழுத்திடட்டும். சட்டம் கேட்கவில்லை, ஆனால் பக்கம் மாற்றிய பேச்சே வராது.

4. கையெழுத்து மட்டும் தனியாகக் கடைசிப் பக்கத்தில் நிற்கக் கூடாது. உயிலின் கடைசிப் பத்தியாவது அதே பக்கத்தில் இருக்க வேண்டும். வாசகத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி விடாதீர்கள்.

5. தேதியையும் ஊரையும் உயில் எழுதுபவர் தன் கையாலேயே எழுதட்டும். முடிந்தால் 'இதைப் படித்துப் பார்த்தேன், சம்மதம்' என்று ஒரு வரியும் எழுதட்டும்.

6. பல இங்க்ஜெட் பிரிண்டர்களின் மை ஈரம் பட்டால் கலையும். கடலோரக் காற்றில் பல வருடம் இருக்க வேண்டிய தாள் இது. லேசர் பிரிண்ட் நல்லது. லேமினேஷன் செய்யாதீர்கள். நாளை கையெழுத்தை ஆய்வு செய்ய வேண்டிவந்தால் அது இடைஞ்சல்.

7. பிரிண்ட் எடுத்த பிறகு பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். கையெழுத்திட்ட பின் செய்யும் திருத்தம் செல்ல, அந்த இடத்திலும் உயிலுக்கு உரிய முறைப்படி அவரும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அதைவிட, புதிதாக பிரிண்ட் எடுத்து, 'இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்' என்று சேர்த்து, மறுபடி கையெழுத்திடுவது சுலபம்.

சாட்சிகளின் கையெழுத்துக்கு மேலே இப்படி ஒரு பத்தி இருக்கட்டும்: 'உயில் எழுதியவர் எங்கள் முன்னிலையில் இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். அவர் கையெழுத்திட்டதை நாங்கள் இருவரும் நேரில் பார்த்தோம். அவர் பார்த்திருக்க, நாங்களும் சாட்சிகளாகக் கையெழுத்திட்டோம்.'

கையெழுத்தில்லாத பி.டி.எஃப்., வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, குரல் பதிவு ஆகியவை உயில் ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, மின்னணு ஆவணங்களுக்குத் தரும் அங்கீகாரத்திலிருந்து உயிலை விலக்கியே வைத்திருக்கிறது.

சொத்தை அடையாளம் காட்டுங்கள்

'என் வீடு', 'கண்மாய்க்குக் கீழே உள்ள வயல்' என்றெல்லாம் எழுதினால் ஊருக்குப் புரியும். தாலுகா அலுவலகத்துக்குப் புரியாது. கிராமம், சர்வே எண், பட்டா எண், பரப்பு, நான்கு எல்லை ஆகியவற்றைப் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள். படகு என்றால் அதன் பதிவு எண். வங்கிக் கணக்கு என்றால் வங்கி, கிளை, கணக்கு எண். வங்கியில் நாமினி போட்டிருப்பதால் உயில் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள். பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலும் வாரிசுரிமையும்தான் முடிவு செய்யும்.

பூர்விகச் சொத்து முழுவதையும் ஒருவர் எழுதிவைக்க முடியாது. தன் பங்கை மட்டும்தான். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை தரச் சட்டத் திருத்தம் வந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

உயிலை நிறைவேற்ற ஒருவரை, அதாவது எக்ஸிகியூட்டரை, பெயர் சொல்லி நியமியுங்கள். புரபேட் என்னும் சான்று அவருக்குத்தான் வழங்கப்படும். யாரையும் நியமிக்காவிட்டால், உயில் இணைத்த நிர்வாக உரிமைச் சான்று கேட்டு மனு செய்ய வேண்டிவரும்.

புரபேட் கட்டாயமா?

சென்னை நகர எல்லைக்குள் எழுதிய, அல்லது அங்குள்ள அசையாச் சொத்து பற்றிய இந்துக்களின் உயிலுக்கு, புரபேட் வாங்காமல் கோர்ட்டில் உரிமை கோர முடியாது என்று நீண்டகாலம் இருந்தது. ராமநாதபுரத்தில் எழுதி, ராமநாதபுரத்துச் சொத்தைப் பற்றிப் பேசும் உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. அதற்கு அடிப்படையான 213-ம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

ஆனாலும் புரபேட்டுக்கு மதிப்பு போகவில்லை. வாரிசுகளுக்குள் தகராறு வரும்போதும், சொத்தை வாங்க வருபவர் உறுதி கேட்கும்போதும் அது கைகொடுக்கும். ராமநாதபுரத்தில் வாழ்ந்தவர் என்றால், அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்யலாம். அசல் உயில், இறப்புச் சான்று, வாரிசுகள் விவரம், சொத்து மதிப்பு ஆகியவற்றுடன், சாட்சிகளில் கிடைக்கக்கூடிய ஒருவரின் உறுதிமொழியும் வேண்டும். இறந்து ஏழு நாள் முடிவதற்குள் புரபேட் வழங்க மாட்டார்கள். யாராவது கேவியட் போட்டு எதிர்த்தால் மனு, வழக்காக மாறி சாட்சி விசாரணை நடக்கும். புரபேட் கேட்காமல் சிவில் வழக்காகப் போனாலும், உயிலை நிரூபிக்கும் விதி அதேதான்.

இந்தக் கரைக்கென்று சில விஷயங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் மூன்று மதத்தவரும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். உயில் விதி எல்லோருக்கும் ஒன்றல்ல.

இஸ்லாமியர்களுக்கு 63-ம் பிரிவின் சாட்சி விதி பொருந்தாது. வாய்மொழி உயில்கூடச் செல்லும். ஆனால் கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசு ஒருவருக்கே எழுதுவதற்கும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். சாட்சி கட்டாயமில்லை என்றாலும், எழுதிச் சாட்சி வைப்பது நிரூபிக்க உதவும்.

கிறிஸ்தவர்கள் உயிலில், சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய சொத்து அவர்களுக்குச் சேராது. அதோடு, உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு இந்த இரண்டு விதியும் இல்லை. ஆனாலும் பயனடைபவரையே சாட்சி ஆக்குவது சந்தேகத்தைக் கூப்பிட்டு வைப்பதுதான்.

தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில், இலங்கையில், சட்டம் இன்னும் கடுமை. 1840-ம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நோட்டரியும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். நோட்டரி இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இன்னும் நிலம், வீடு வைத்திருப்பவர்கள், இங்கே இரண்டு சாட்சி போதும் என்று இருந்துவிடாமல், அங்குள்ள நோட்டரியைக் கேட்டு எழுதுவது நல்லது.

எங்கே வைப்பது?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே கடலோடு போனதைப் பார்த்த மாவட்டம் இது. பீரோவுக்குள் இருக்கும் ஒற்றைத் தாளை நம்ப முடியாது. உயில் எழுதியவர் கைவசம் இருந்த அசல் காணாமல் போனால், அவரே கிழித்து ரத்து செய்துவிட்டார் என்று கோர்ட் கருத இடமுண்டு.

சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் உயிலின் நகல் பதிவேட்டில் ஏறிவிடும். எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். இன்னொரு வழி, உயிலை உறையில் போட்டு சீல் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைப்பது. இறந்த பிறகு விண்ணப்பித்தால் உறையைப் பிரித்துப் பதிவு செய்வார்கள். எங்கே வைத்தாலும், அந்த இடத்தை எக்ஸிகியூட்டருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கும் சொல்லிவையுங்கள்.

முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். உயில் எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2020 மே மாதம் ஆனது. அத்தனை பெரிய இடத்திலேயே இப்படி என்றால், நம் வீட்டில் யார் எத்தனை வருடம் அலைய வேண்டியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தாளும் பிரிண்டரும் வீட்டிலேயே இருக்கின்றன. தேவைப்படுவது, கையெழுத்துப் போடும் நேரத்தில் எதிரே உட்காரும் இரண்டு நல்ல மனிதர்கள். சொத்து பெரிது, இரண்டாவது திருமணம், பூர்விகச் சொத்து, ஏற்கெனவே தகராறு - இவற்றில் ஏதாவது இருந்தால், கையெழுத்திடும் முன் ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அந்தச் செலவு, பிள்ளைகள் கோர்ட் வாசலில் நிற்கும் செலவைவிடக் குறைவுதான்.